துண்டு சேமியாவில் பன்சித்

நகரியில் நீளச் சேமியா கிடைப்பதில்லை.
"பொடுகுதி லேதக்கா, அன்னீ முக்கலே"
என்றான் கடைப் பையன்.
எல்லாம் துண்டு.
முக்கால் விரல் நீளத்துக்கு ஒடித்து
பாயசத்துக்கென்றே பிறந்த மாதிரி
பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள்.

சரி, கொடு.

வீட்டில் இருந்தது
அரைக் கோஸ், மேல் இலை வாடியது.
கேரட் ஒன்று. நாலைந்து பீன்ஸ்.
சந்தையில் வாங்கிய சென்னாக்குனி
டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடி.
சோயா சாஸ் இல்லை.
பஸ் ஸ்டாண்டு ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரரிடம்
ஐந்து ரூபாய் நீட்டினேன்.
காசை வாங்காமல் ஒரு மாதிரி பார்த்துவிட்டு
சட்னி கட்டும் கவரில் ஊற்றி
நூலால் சுற்றிக் கொடுத்தார்.

லுஸ்விமிந்தாவிடம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.
குவைத்தில், விருந்தாளிகள் போன பின்,
இரவு இரண்டு மணிக்கு,
கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர்,
மேடம் தூக்கி எறியச் சொன்ன கேரட் நுனிகள்.
"இருக்கிறதைப் போடு, அதுதான் பன்சித்."
இதை அவள் எந்த மொழியில் சொன்னாள்,
யோசித்தால் பிடிபடவில்லை.
எங்களுக்கு நடுவே இருந்தது சமையலறை அரபி,
ஒரு நாற்பது சொல்.
பாதி பாத்திரங்கள், மீதி திட்டு.
சாஸ் ஊற்றும்போது ஷ்வை ஷ்வை என்பாள்.
கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம்.
என் காதில் அது
சுவை சுவை என்றே விழுந்தது, ஆறு வருடமும்.

மூன்று தீவுகளின் பேரை ஒடித்து
ஒட்டிச் செய்த பேராம் அவளுடையது.
அப்பா வைத்தது. ஒரு தீவைத் தவிர
மற்ற இரண்டையும் அவர் பார்த்ததில்லை.

வாணலி காய்ந்தது.
பூண்டு, வெங்காயம், சென்னாக்குனி.
வாசனைக்குப் பக்கத்து வீட்டு தேசம்மா
எட்டிப் பார்த்தாள். "கருவாடா?"
"இல்லை, பிறந்தநாள்."
அவளுக்குப் புரியவில்லை, போய்விட்டாள்.

மார்ச் ஒன்பது.
பிறந்தநாளுக்கு வெட்டக் கூடாது, ஒடிக்கக் கூடாது,
எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆயுசு.
ஒருமுறை பழக்கதோஷத்தில்
நான் இரண்டாக ஒடிக்கப் போனபோது
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பதில் அதற்குச் சொல் கிடையாது.

முறத்தில் கொட்டிய சேமியாவைப் பார்த்து நின்றேன்.
இதற்கு என்ன வயது வரும்? மூன்று மாதம்?

வம்சி ஸ்கூல் பையைக் கழற்றவில்லை.
"மேகி நீளம்மா."
பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்,
எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.
"இருபது ரூபா தரணும்."
"பதினாலுதானேடா?"
"அர்ஜென்ட்டுக்கு இருபது."

சுருளைச் சுடுதண்ணீரில் விட்டேன்.
முறுக்கு விட்டு, சோம்பல் முறித்து,
கரண்டியைத் தூக்கினால் தோள் வரை வந்தது.
மசாலாப் பொட்டலத்தை அவனே எடுத்துக்கொண்டான்,
வெறுமனே நக்குவதற்கு.

கரன்ட் போய் தறி நின்றது.
முனிரத்தினம் சாப்பிட வந்தார்.
எலுமிச்சை பிழிந்து வைத்தேன்.
நீளமும் துண்டும் கலந்து கிடந்ததைக் கிளறினார்.
"சேமியா உப்புமாவா, வேறேதாவதா?"
"பன்சித்."
"ம்."

நாளெல்லாம் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற கை.
நீளமான ஒன்றை எடுத்து
நுனி வரும்வரை உறிஞ்சிக்கொண்டே போனார்,
கடிக்காமல்.
கடிக்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒற்றை டிக்.
வெள்ளிக்கிழமை மதியம்தான் அவள் கைக்கு போன் வரும்.
இன்று செவ்வாய்.

கரன்ட் வந்ததும் பாதித் தட்டோடு எழுந்தார்.
"உப்பு கம்மி" என்றது மட்டும் கேட்டது,
மீதி தறிச் சத்தத்தில் போயிற்று.
வாணலியில் அடிப்பிடித்த துண்டுகளை
நின்றபடியே சுரண்டித் தின்றேன்.
வண்டிக்காரர் சுற்றிய நூல்
சாஸில் ஊறி
இன்னும் விரலில் ஒட்டியிருந்தது.