சிவப்புக் கோடு

டோக்கும் ஊரின் பழைய சாமான் கடையில்
நாற்பது யூரோவுக்கு வாங்கிய சைக்கிள்.
இருக்கையைத் தாங்கும் குழாயில்
நகப்பூச்சால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு.
யாரோ ஒருத்தி தன் கால்களின் நீளத்தை
இங்கே குறித்து வைத்திருக்கிறாள்.
எனக்கு அது இரண்டு விரற்கடை உயரம்.
ஒரு திருகாணியைத் தளர்த்தினால் போதும்.
தளர்த்தவில்லை.

ஞாயிறு காலை.
மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது,
குடிக்க வேண்டியவன் வெளியே வந்துவிட்டேன்.
யாருமில்லாத வீட்டின் கதவைச் சாத்தும்போது
"வருகிறேன்" என்று சொல்லும் பழக்கம்
இன்னும் விடவில்லை.

வடக்கே கடலணை வரை நேர்ச்சாலை.
ஃபிரீஸ்லாந்தில் மேடு என்றால் அது பாலம்.
இருபுறமும் வாய்க்கால்,
வாய்க்காலுக்குள் வானம்,
வானத்தில் ஒரு மாடு தலைகீழாக மேய்கிறது.
எருவின் வாசனை.
நாங்கள் அதை வாசனை என்றுதான் சொல்வோம்.

புல்வெளியிலிருந்து ஆள்காட்டிகள் எழுந்து கத்துகின்றன:
ஓர் ஆள், ஓர் ஆள், ஒரே ஓர் ஆள்.
எண்ணத் தெரிந்த பறவைகள்.

பெடல் லேசாகச் சுற்றுகிறது.
ஐம்பத்து நான்கு வயதில்
எல்லாம் என் தொடையின் வேலை என்று நம்பினேன்.
ஒரு கிலோமீட்டருக்குச் சீட்டியும் அடித்தேன்.

பாலம் தூக்கியிருந்தது.
பாய் சுருட்டிய படகொன்று மெல்ல நுழைகிறது.
பாலக்காரர் சீட்ஸே
தூண்டில் கோலின் நுனியில் மரச்செருப்பைக் கட்டி நீட்டுகிறார்.
சில்லறை விழுகிறது.
மீன் சிக்கியதுபோல் சுண்டி இழுக்கிறார்.
காத்திருக்கும் என் பெருவிரல் மட்டும் தரையில்.
இத்தனை உயரத்தில் உட்கார்ந்தவனுக்கு
நிற்பதும் பாதி கிளம்பியதுதான்.

அப்போதுதான் பார்த்தேன்,
இடது கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருக்கிறது,
வலதில் புதுசு மாறாத வரிகள்.
வலது கையால் வேறெதையோ பிடித்தபடியே
ஓட்டியிருக்கிறாள்.
நாயின் கயிறு. குடை.
பக்கத்துச் சைக்கிளில் வந்த ஒருவரின் தோள்.
தோள் என்று வைத்துக்கொண்டேன்.
இறந்திருப்பாள் என்றும் வைத்துக்கொண்டேன்.
இரண்டாம் கைக்கு வரும் பொருளிலெல்லாம்
ஒரு சாவைத் தேடும் வயது எனக்கு.
ஒரு நோய் கொடுத்தேன்.
மழை பெய்யும் ஒரு நவம்பரும் கொடுத்தேன்.

ஆட்டுக் கதவைத் திறந்து
மறக்காமல் மூடி
அணையின் மேல் ஏறினால் கடலைக் காணோம்.
நீர் வற்றிய நேரம்.
அடிவானம் வரை சேறு, வெள்ளிபோல.
அதில் ஒரு நாரை நடந்த தடம்,
எங்கோ போய், பாதியில் நின்றுவிட்டது.
பறந்திருக்கும்.

திரும்பினேன்.
காற்று அங்கேயே இருந்தது, இப்போது முகத்தில்.
வரும்போது ஓட்டியது யார் என்று புரிந்தது.
தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து,
ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரை என்று
தவணை முறையில் நகர்ந்தேன்.
மரங்களும் அதிகமில்லை.

பின்னால் மணி.
பச்சை மழைச்சட்டை, மின்சார சைக்கிள்,
நிமிர்ந்த முதுகு.
என்னைத் தாண்டிப் போனவள் வேகத்தைக் குறைத்தாள்.
"மூன்றாவது கியரில் டிக் டிக் என்கிறதா?"
"ஆமாம்."
"எட்டு வருஷம் கேட்ட சத்தம்.
பின்னாலிருந்தே தெரிந்துவிட்டது."

பெயர் ஹிஸ்கே.
சாகவில்லை. முழங்கால் மட்டும் கொஞ்சம்.
கொடுத்த நவம்பரைச் சத்தமில்லாமல்
திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்கக் கேட்டேன்:
"வலது கையில் எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவீர்கள்?"
யோசித்தாள். சிரித்தாள்.
"எதையுமில்லை. சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன்.
குளிருமே."

பிறகு ஒன்றும் பேசவில்லை.
மாதா கோயில் திருப்பம் வரை
எனக்கு முன்னால், அடக்கி ஓட்டினாள்.
அவள் முதுகின் அளவுக்குக் காற்று இல்லாமல் இருந்தது.
திருப்பத்தில் கையை நீட்டி இடப்புறம் போனாள்.
மொத்தக் காற்றும் மறுபடி என்னிடம்.

திருகாணியை நாளை பார்க்கலாம்.
வலது கையைப் பைக்குள் விட்டேன்.
கதகதப்பாகத்தான் இருக்கிறது.
சைக்கிள் ஒருமுறை தடுமாறி
நேராகப் போகிறது,
டிக், டிக், டிக்.