தொடர்ச்சி

என் வேலைக்குப் பெயர் தொடர்ச்சி.
முந்தைய ஷாட்டில் கிண்ணம் முக்கால் நிறைந்திருந்தால்
அடுத்த ஷாட்டிலும் முக்கால்.
ஆவி பறந்திருந்தால் ஆவி.
மர்லீன் இடது கையால் கரண்டி எடுத்தால்
இடது கை.
உலகம் எப்படியும் போகட்டும்,
டார்ட்மத் துறைமுகத்தின் மூன்றாம் கிடங்குக்குள்
எதுவும் என்னிடம் சொல்லாமல் மாறக் கூடாது.

தாய்த்தொடர் ஆறு வருடம் ஓடியது:
காவல்படகு, கடத்தல்காரர்கள், மூடுபனி.
அதில் சமையல்காரியாக வந்து
வாரம் நான்கு வரி பேசிய மர்லீனுக்கு
ஜனங்கள் கடிதம் எழுதினார்கள்.
ஒரு கிளை வெட்டி நட்டோம்:
படகை விட்டு இறங்கி அவள் சூப் கடை வைக்கிறாள்.
விதவை. ஒரு மகன். கடன்.
மஞ்சள் விளக்கு, மீன் சூப்,
கடைசியில் யாராவது யாரையாவது மன்னிப்பார்கள்.

எட்டு வாரத்தில் பார்த்தவர்கள் பாதியானார்கள்,
அந்தப் பாதியும் பாதியானது.
மன்னிப்பைப் பார்க்க ஆளில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை
டோனட் பெட்டியோடு வந்தார் கீத் மக்கைசக்.
அவர் டோனட் வாங்கி வந்தால் யாருக்கோ வேலை போகும்.
அன்று யாருக்கும் போகவில்லை.
"ஒன்பதாம் பகுதியிலிருந்து பேய்" என்றார்.
"கடை அதே கடை. சூப் அதே சூப்.
குடிக்க வருகிறவர்கள் மட்டும் செத்தவர்கள்."
புது செட்டுக்குப் பணமில்லை.
விளக்குக்காரர் மஞ்சள் தாளைக் கழற்றி நீலம் மாட்டினார்.
பதினோரு நிமிடம். கடிகாரம் பார்த்தேன்.

பிறகு எல்லோரும் என் மேசைக்கு வந்தார்கள்.
தாய்த்தொடரின் நான்காம் ஆண்டில் மூழ்கிப்போன கணவன்
சாகும்போது என்ன உடுத்தியிருந்தான்?
எழுதியவருக்கே நினைவில்லை.
என் நோட்டில் இருந்தது:
சாம்பல் நிற ஸ்வெட்டர். இரண்டாவது பொத்தான் இல்லை.
வலது காலுறையில் ஓட்டை.
அது கேமராவில் விழாது.
இருந்தாலும் எழுதியிருந்தேன்.

ஏவரெட் சுரெட்டைத் தேடிப் பிடித்தார்கள்.
யார்மத்தில் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தார்.
சம்பளத் தகராறில்தான் அன்று அவரைக் கடலில் தள்ளினோம்.
இப்போது இருபது கிலோ கூடியிருந்தார்.
"செத்த பிறகு உடம்பு போடுமா?" என்று கேட்டேன்.
"கடல் தண்ணீர்" என்றான் எழுத்தாளப் பையன்,
டோனட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஒத்திகை.
ஃப்ரீசர் கதவு திறக்கிறது. பனிப்புகை.
சொட்டச் சொட்ட ஏவரெட் வருகிறார்,
தும்மலை அடக்கிக்கொண்டு.
மர்லீன் அலற வேண்டும்.
தாளில் மூன்று ஆச்சரியக்குறி.

அவள் அலறவில்லை.
அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
ஸ்வெட்டரில் பொத்தான் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.
"ஊசி நூலை எங்கே வைத்தேன்" என்றாள்,
தனக்குள் பேசுவதுபோல.

யாரும் கட் சொல்லவில்லை.
மைக் பிடித்திருந்தவன் கை மட்டும் தளர்ந்து
ஃப்ரேமுக்குள் இறங்கியது.

அதைப் பார்த்து ஊரே திரும்பி வந்தது என்று சொல்ல ஆசைதான்.
கொஞ்சம் பேர் வந்தார்கள்.
மன்னிப்புக்காகப் பார்த்தவர்களில் சிலர்
ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதினார்கள்.
அதிலும் நியாயம் இருந்தது.
இன்னும் ஒன்பது பகுதிக்குக் கையெழுத்தானது:
முப்பத்தேழு பேருக்குக் கோடைவரை வாடகை.
மகனாக நடித்த பையனுக்கு நடுவில் குரல் உடைந்தது,
பேய்க்கதையாகிவிட்டதால் யாரும் கவலைப்படவில்லை.

வார முடிவில் கீத் கேட்டார்:
அடுத்த பகுதியில் பேய்க்குப் பொத்தான் உண்டா, இல்லையா?
செத்தவன் செத்தபடியேதானே வருவான்?
விதிப்படி அதுதான் சரி.
அந்த விதியைப் பதினெட்டு வருடம் காத்தவள் நான்.

கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது.
நின்றபடியே எழுதினேன்:

காட்சி நாற்பத்தொன்று.
விளக்கு: நீலம்.
கிண்ணம்: முக்கால்.
ஆவி: உண்டு.
பொத்தான்: தைத்தாயிற்று. நூல் கறுப்பு,
ஸ்வெட்டருக்குச் சேராது.
மாற்ற வேண்டாம்.