ஒற்றைப் புருவம்

வலது புருவம் முடிந்திருந்தது.
பல்லில் ஒரு முனையும் விரலில் மறுமுனையுமாய்
இடது பக்கம் குனிந்தபோது
குணசுந்தரிக்குப் போன் வந்தது.

"ம்" என்றாள். "யாரு?" என்றாள்.
பிறகு என்னைப் பார்க்காமல்
கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்தாள்.

"நூல் தீந்துபோச்சுக்கா."

மேசையில் மூன்று நூல்கண்டு.
ஒன்று உறைகூடப் பிரிக்காதது.

திருத்துறைப்பூண்டியில்
பூச்சிமருந்துக் கடைக்கு மேல்மாடி.
மூன்று வருஷமாக மாசம் ஒருதரம்
இந்த நாற்காலியில்தான் தலை சாய்க்கிறேன்.
அவள் மகளின் காதணி விழாவுக்குப்
பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தவள்.
அதே மூன்று வருஷமாகத்தான்
திருவாரூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை.
பஸ்ஸில் டப்பா குலுங்காதிருக்க
உள்ளே பஞ்சு அடைப்பேன்.
அந்த வரிசையில் என்னை
யாரோ பார்த்திருக்கிறார்கள்.

ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று
டாக்டர் எழுதிய சீட்டு
பர்ஸுக்குள் இருந்தது. எடுக்கவில்லை.
புருவம் திருத்த
எவள் சீட்டுக் காட்டுகிறாள்?

காத்திருந்த கல்யாணப்பெண்
பெஞ்சிலிருந்த பையை
மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

நான் வேலை பார்ப்பது
நெல் கொள்முதல் நிலையத்தில், சாக்கு தைக்கிறேன்.
அங்கேயும் திருப்பி அனுப்புவார்கள்.
ஆனால் கருவியைக் காட்டி,
ஈரப்பதம் பத்தொன்பது, காயவைத்துக் கொண்டுவா
என்று சொல்லி அனுப்புவார்கள்.

"எழுதிக் கொடு" என்றேன்.
"எதைக்கா?"
"நூல் இல்லேன்னு."

பேனா அவள் காதோரம்தான் இருந்தது.
"கடன் வாங்கிப் போட்ட கடைக்கா.
ஒருத்திக்குத் தெரிஞ்சா பத்துப் பேரு வரமாட்டாங்க."
அது பொய்யில்லை.
நூல் பொய்யைவிட
அதுதான் நெஞ்சில் தைத்தது.

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள், வெறும் கையால்.
"பாதிதானே செஞ்சே,
மீதி இருபத்தஞ்சைக் கொடு."
கல்யாணப்பெண் சிரிப்பை அடக்கினாள்,
அல்லது இருமலாகவும் இருக்கலாம்.
சீப்புக்குப் பக்கத்தில் காசை வைத்து
என் பக்கம் நகர்த்தினாள் குணசுந்தரி.
நான் எண்ணி எடுத்தேன்.

முள்ளியாற்றுப் பாலத்தில் வெயில்.
முந்தானையை இழுத்து
நெற்றியை மறைக்கப் போன கை
பாதியில் இறங்கிவிட்டது.

சாக்கு தைக்கும் இடத்தில்
பட்டம்மாள் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி
"என்னடி தையலு, ஒண்ணு வில்லாட்டம்
ஒண்ணு வரப்புப்புல்லாட்டம்?
எவ செஞ்சா?" என்றாள்.

கடைப் பெயரைச் சொன்னேன்.
எந்த இடத்தில் நிறுத்தினாள் என்பதையும்
விரல் வைத்துக் காட்டினேன்.

"ஏன் நிறுத்துனா?"

தராசில் மூட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
கோணி ஊசியில் சணலைக் கோத்தேன்,
வழக்கத்தைவிட நீளமாக.
"உக்காரு, சொல்றேன்" என்றேன்.