ஹெவி என்று எழுதக்கூடாது

நைட் டூட்டி முடிந்து
கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட் கிடைத்தால்
நெல்லித்தோப்பில் இறங்குவதற்குள்
பத்து ஜோடிச் சொல் மனப்பாடம் ஆக வேண்டும்.

போன வாரம் 'ஹெவி பாப்புலேஷன்' என்று எழுதிவிட்டேன்.
சவரிநாதன் சார் சிவப்பு மையால் சுழித்தார்.
"மழைதான் ஹெவி, அஞ்சலாட்சி.
ஜனம் டென்ஸ்."
ஏன் சார்?
"ஏன்னு இல்லம்மா. அது அப்படித்தான் சேரும்."

இரண்டு வருடம் முன்பு
'சேராது' என்று என் ஜாதகத்தை மடித்துக் கொடுத்தவரும்
இதே குரலில்தான் சொன்னார்.

நாம் மட்டும் என்ன.
கூட்டம் என்றால் எள் போட்டால் விழாது.
கடுகு போட்டுப் பார்த்தீர்களா என்று
ஒருவரும் கேட்டதில்லை.
தடைக்காலத்தில் துறைமுகம் முழுக்கக்
காக்காதான் உட்கார்ந்திருக்கும்,
அதைப் பார்த்துக்கொண்டே சொல்வோம்
ஈ காக்கா இல்லை.

இன்றைய தாளில் ஐந்தாவது ஜோடி
ஃப்ளோட்டிங் பாப்புலேஷன்.
வந்து போகிறவர்கள், தங்காதவர்கள்
என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.
கன்னியகோயில் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.
எல்லை தாண்டி வந்த எங்கள் மாவட்டம்
காலை பத்து மணிக்கே கடை வாசலில்
மிதப்பில் நின்றுகொண்டிருந்தது.
இந்த ஒரு ஜோடியை மட்டும்
வெள்ளைக்காரன் இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான்
எழுதியிருக்க வேண்டும்.

என் தம்பி நாலு நாளாகக் கடலில் இருக்கிறான்.
அவன் இதில் வரமாட்டானாம்.
சார் சொல்லிவிட்டார்.

பர்த் ரேட்
ஏறும், இறங்கும், சரியும்,
கிடுகிடுவென்று விழும்.
நேற்று ராத்திரி என் கையில் விழுந்தது ஆறு.
மூன்றாவது, பொம்பளைப் பிள்ளை,
வெளியே வர பதினாலு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.
ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதிவிட்டு
அங்கேயே தாளைப் பிரித்தால்
பாப்புலேஷன் எக்ஸ்ப்ளோஷன் என்றிருந்தது.
யாரப்பா இந்த ஜோடியைச் சேர்த்துவைத்தது?
வெடிப்பு என்றால் எங்களுக்குத் தெரியும்.
கம்பெனி பாய்லர், சைரன்,
தீக்காய வார்டில் வாழையிலை.
பதினாலு மணி நேரம்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவளைக் கேட்டிருந்தால்
வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.
அச்சில் ஏற்ற முடியாத சொல்தான், ஆனாலும்.

மாடி வகுப்பில் ஃபேன் ஓடவில்லை.
இன்று கிராஃப்.
ஏதோ ஒரு இங்கிலாந்து ஊர்,
அறுபத்தைந்து தாண்டியவர்களின் கோடு
மேலே, மேலே, தாளை விட்டே போகும்போல.
ஏஜிங் பாப்புலேஷன்.
ஒரு நாடே சேர்ந்து உட்கார்ந்து
மூப்படைந்துகொண்டிருக்கிறது.
"நீங்க லக்கி மேடம்" என்றான் ஏஜென்ட்,
"அங்க தூக்கி உட்கார வைக்கவே ஆள் இல்ல."
பத்து ஜோடியில் எனக்குச் சீட்டு வாங்கித் தரப்போவது
இது ஒன்றுதான்.
ஸ்பெல்லிங்கில் 'இ' வராது என்று
மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

கடைசி அரைமணி ஸ்பீக்கிங்.
சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால்
எக்ஸாமினர் ஆகிவிடுவார்.
உங்கள் ஊர் எது?
சோனங்குப்பம்.
மக்கள்தொகை எப்படி?
டென்ஸ்லி பாப்புலேட்டட். (சுவரோடு சுவர், என் வீட்டுக் குக்கர் விசிலை
அடுத்த வீட்டுக்காரி எண்ணுவாள்.
அதற்கு இங்கிலீஷ் வரவில்லை.)
அடுத்த ஆறு மாதத்தில் என்ன மாற்றம் வரும்?
டிக்ளைன், சார்.
"ஷார்ப்பா, ஸ்லைட்டா?
அட்ஜெக்டிவ் போட்டாதான் மார்க்."

ஒரு ஆள்தானே.
ஸ்லைட், என்றேன்.
சார் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.
மார்க் எவ்வளவு என்று சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
ரெட்டிச்சாவடி தாண்டிக் கண்டக்டர்
விரல் நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.
டிக்கெட் கட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
"ஒரு ஆள் இடிக்குதே" என்று முணுமுணுத்துவிட்டு
முன் சீட்டிலிருந்து
மறுபடியும் ஒன்று, இரண்டு.