டூனா

ரமோன் விட்டுச்சென்ற பாட்டிலில்
டூனா என்று எழுதியிருந்தது.
மீன் சர்பத்தா என்றாள் நூராய்னி.
கஸ்தூரி மூடியைத் திறந்து முகர்ந்தாள்.
மீன் இல்லை, ஆனால் இதை நான் எங்கேயும் முகர்ந்ததில்லை என்றாள்.
நிறம் மட்டும் தெரிந்த நிறம்,
ஆரத்தித் தண்ணீரைவிட ஒரு பிடி கூடுதல்.

லேபிளில் ஒரு சப்பாத்திக்கள்ளி.
அதன் காதோரங்களில் வரிசையாய்ச் சிவப்புப் பழங்கள்,
முள்ளோடு.
அவன் ஊரில் அந்தப் பழத்துக்குப் பெயரே டூனாவாம்,
நூராய்னியின் போன் சொன்னது.
கள்ளியில் கள் இருக்கிறது,
எழுத்துக் கூட்டிப் பார் என்று
லங்காவி ரம்மைப் பைக்குள்ளிருந்து எடுத்தாள் கஸ்தூரி.

மூன்று மாதம் இருந்தான் ரமோன்.
ஒரு வெள்ளைப் பெட்டிக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான்.
ஈயம் பற்றாத கால்,
பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்ட கால்,
மயிரிழை விரிசல்.
பத்தொன்பது வருடம் லென்சில் குனிந்து
நான் பார்த்ததையெல்லாம்
அது நிமிர்ந்தபடியே பார்க்கிறது.
திங்கள் முதல் எங்கள் மூவருக்கும் பேக்கிங்.
அவனுக்கு அதைச் சொல்லும் அளவுக்கு மலாய் வரவில்லை.
பாட்டிலைக் கொடுத்தான்.

பாயான் பாரு, ஒன்பதாவது மாடி.
லிஃப்ட் இன்றைக்கும் ஏழு வரைதான்.
ஜெரஜாக் தீவு புகைமூட்டத்தில் அழிந்துபோயிருந்தது.
பெந்தோங் இஞ்சியைக் கரண்டி விளிம்பால் சுரண்டி
துருவி, துணியில் பிழிந்து,
தெளியும்வரை யாரும் தொடக் கூடாது என்றேன்.
அடியில் வெள்ளையாய்த் தங்குவது நஞ்சு என்பார்கள்.
நஞ்சோ மாவோ, சிங்கில் கொட்டினேன்.
தன் பெயர் கொண்ட எலுமிச்சைகளைக்
கஸ்தூரியே இரண்டிரண்டாய் நறுக்கினாள்.
ஆளுக்கொரு அசாம் பொய்,
பெயரில் மட்டும்தான் பொய்,
புளிப்பு நிஜம்.

நூராய்னி தன் டம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்,
மஞ்சள் மூடி போட்டது.
அவளுக்கு முதலில் கலந்தேன்,
ரம் திறப்பதற்கு முன்பே.
பாட்டில் மூடிதான் அளவு.
இரண்டு மூடி கள்ளிப்பழம்,
ஒரு மூடி இஞ்சி,
சோடா கழுத்துவரை.
பிறகு எங்கள் இரண்டிலும்
அளவு பார்க்காமல் கஸ்தூரி ஊற்றினாள்.

இஞ்சி தொண்டையில் நின்று பேர் கேட்டது.
கஸ்தூரிக்குப் புரையேறியது.
எனக்குக் கண்ணில் நீர்.
இஞ்சி தின்ற குரங்கு என்றேன்,
மலாயில் விளக்கப் பார்த்தேன்.
நூராய்னி யோசித்துவிட்டுச் சொன்னாள்,
எங்கள் குரங்குக்குப் பூதான் கிடைக்கும்,
அதற்கும் என்ன செய்வதென்று தெரியாது.
சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டு நாய் குரைத்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
கஸ்தூரியின் கிளாசில்
ஐஸ்கட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே
ஒரு கோடு.
மயிரில் பாதி.
குடிக்காதே.
எங்கே என்றாள், விளக்கடியில் திருப்பித் திருப்பி.
ஒன்றுமில்லையே.
நூராய்னி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள்,
போட்டுப் பார்த்தாள்.
நான் எழுந்து போய்
புருவம் திருத்தும் இடுக்கியோடு வந்தேன்,
கொதிநீரில் ஒருமுறை முக்கி எடுத்து.
மூச்சை அடக்கி
இறக்கினேன்.
ஒரே தடவை.
வெள்ளை டிஷ்யூவில் வைத்தபோதுதான்
அவர்களுக்கும் தெரிந்தது.

முள்ளா, இஞ்சி நாரா,
மூன்று தலைகள் குனிந்தும் முடிவாகவில்லை.
எதுவானாலும் ரிஜெக்ட் என்று
கஸ்தூரி கிளாசை என்னிடமே நீட்டினாள்,
ரம் இம்முறை கொஞ்சம் கூட.

பெட்டி இதைப் பார்த்திருக்குமா என்று
யாரும் கேட்கவில்லை.
நூராய்னி மட்டும்
பாதி குடித்த டம்ளரின் மஞ்சள் மூடியைக் கழற்றி
சத்தமில்லாமல்
என் பக்கம் தள்ளி வைத்தாள்.