சிரிப்புக் கோடு

"அக்கா, இது சிரிக்கல. மொறைக்குது" என்கிறாள் ரின்புயீ.
என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள்.
ஐஸ்வாலிலிருந்து வந்து
சூளைமேட்டு ஹாஸ்டலில் பொறுக்கிய தமிழ்.
டிஷ்யூவை எடுத்து என் கோட்டைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

போன வருஷம்வரை வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை.
ஆயிரக்கணக்கில் ஆதார் அட்டைகளை லேமினேஷன் செய்து
ஓரம் நறுக்கிய கை இது.
நேர்கோடு தெரியும்.

பிரஷ்ஷை மானோமரில் நனைத்து
வெள்ளைப் பொடியைத் தொட்டால்
நுனியில் ஒரு ஜவ்வரிசி திரளும்.
ஈரம் கூடினால் சதைப்பக்கம் ஓடும்,
குறைந்தால் காறைபோல் உதிரும்.
நகத்தின் விளிம்பில் அதை உட்காரவைத்து
நடுவில் அழுத்தி
இரண்டு காதுகளையும் ஒரே உயரத்துக்கு இழுக்கவேண்டும்,
இறுகுவதற்குள்.
சித்திரை மாதம்.
அம்பத்தூரில் கரெண்ட் போனால் ஏசி போகும்,
ஏசி போனால் என் நாற்பது வினாடி
இருபதாகிவிடும்.

பழகுவதற்குக் கொடுத்த பிளாஸ்டிக் கையை
வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.
பையின் ஜிப் போய் மாதமாகிறது.
பட்டரவாக்கத்தில் ஏறிய பெண்
எதிரே உட்கார்ந்தாள், குனிந்தாள்,
"ஐயோ, கையி!"
லேடீஸ் பெட்டி மொத்தமும் எழுந்து நின்றது.

அப்புறம் கொரட்டூர் வரைக்கும் சிரிப்பு.
கை பெட்டியைச் சுற்றி வந்தது.
கடலை விற்றவள்கூட
அதற்கு ஒரு முறை கைகொடுத்தாள்.

கத்தியவள் பெயர் பச்சையம்மா.
எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்.
இடது ஆள்காட்டி விரலை நீட்டினாள்:
எப்போதோ மிஷின் கடித்து
நகம் திரும்ப முளைத்தபோது
கொஞ்சம் சாய்ந்தே முளைத்திருந்தது,
நடுவில் ஒரு பள்ளம்.
"இதுல வருமா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.
பொடி பறக்குமென்று ஃபேனை நிறுத்தினோம்.
கீழ்வீட்டிலிருந்து குரல்:
"யாரும்மா பெயிண்ட் அடிக்கிறது?"

நான்கு விரல்கள் சுமாராக வந்தன.
ஆள்காட்டியில்
ரின்புயீ சொன்னபடி இரண்டு காதையும் சமமாய் நிறுத்தினால்
கோடு அழுகிறது.
துடைத்தேன். மறுபடி.
துடைத்தேன்.
வேர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது,
அவள் தன் முந்தானையால் ஒற்றிவிடுகிறாள்,
விரலை மட்டும் அசைக்காமல்.

நான்காவது முறை
ஒரு காதை எள்ளளவு இறக்கினேன்,
மற்றதை எள்ளளவு ஏற்றினேன்.
கிட்டத்தில் பார்த்தால் தப்பு.
கையை எட்டி நீட்டச் சொன்னேன்.
நீட்டினாள்.
நேராக இருந்தது.

நல்லாருக்கு என்று சொல்லவில்லை அவள்.
"யாரு கையோ மாதிரி இருக்கு" என்றாள்.
அப்புறம்,
"காலைல ஏழு மணி ஷிஃப்டு. கிளவுஸ்ல மாட்டும்.
சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிடுவான்."

அசிட்டோன் பாட்டிலை எடுத்தேன்.

"இரு. ஒரு மணி நேரம் இருக்கட்டும்."

கீழே இறங்கிப்போய்
நான் கேட்காத அரை லிட்டர் பாலோடு வந்தாள்.
காசை இடது கையில் நீட்டினாளாம்.
அண்ணாச்சி முறைத்தாராம்.
சில்லறையையும் அதே கையில்தான் வாங்கினாளாம்.
சொல்லும்போது அந்த ஐந்து விரலும்
தனித்தனியாக நின்றன.

டீ குடித்தோம்.
பிறகு பஞ்சு, அசிட்டோன், அலுமினியத் தாள்.
இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பிரித்தால்
தாளுக்குள் வெள்ளையாக ஏதோ கூழ்.
எந்த விரலுடையது எதுவென்று தெரியவில்லை.
அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி
தேங்காயெண்ணெய் கேட்டாள்.

திங்கட்கிழமை
பிளாஸ்டிக் கையில் ஐந்து கோடுகள் போட்டேன்.
ரின்புயீ தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.
"நாலு சூப்பர், அக்கா.
இந்த ஆள்காட்டி மட்டும் ஏன் கோணல்?"

டிஷ்யூவுக்குக் கை நீட்டினாள்.
நான் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.