சோசர்

என் சாப்பாட்டுக் கோப்பை
இப்போது ஒரு சோசர்.
நீலக்கரை போட்டது. அதன் கப் உடைந்து நாலு வருஷம்.

முதலில் மீன்.
பாஷையூர்ச் சந்தையில் விடிய ஆறு மணிக்கு
செபமாலை அக்காவிடம் வாங்கிய விளைமீனில்
உள்ளங்கையில் பாதி.
பிறகு முருங்கையிலை வறை, இரண்டு கரண்டி.
இடமிருந்தால் புட்டு.
இடம் இருப்பதில்லை.
இருக்கிற நாளில்தான் பயம்.

கொழும்பில் வெட்டித் தைத்த டொக்டர்
கடதாசியில் ஒரு வாழைப்பழம் கீறிக் காட்டினார்:
"இவ்வளவுதான் இனி உங்கட வயிறு."
அன்றிலிருந்து திருநெல்வேலிச் சந்தையில்
குலை குலையாய் வயிறுகள் தொங்குகின்றன.

காலமை இரண்டு குளிசை.
மூன்று மாதத்துக்கு ஒருக்கா ஊசி.
சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது;
அரை மணி கழியட்டும் என்று
மணிக்கூட்டைப் பார்த்தபடி தாகம்.
கச்சேரியில் எல்லாரும் கை கழுவி வந்த பிறகும்
நான் மூன்றாம் வாயில்.
"என்ன பிள்ளை, அசைபோடுறீரோ?"
சிற்றம்பலத்தார் கேட்பார்.
ஓம் என்பேன்,
விழுங்கிவிட்டு, கொஞ்சம் பிந்தி.

முதல் வருஷம் ஊரே கைதட்டியது.
முப்பத்தெட்டுக் கிலோ.
சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தவள்
"இனிப் பிடிக்க ஒண்டுமில்லை அக்கா,
துணி வாங்குங்கோ" என்றாள்.
கலியாண மோதிரம்
மீன் கழுவிய சட்டிக்குள் கிடந்தது.
பூசை முடிய சுவாமியார் என்னிடம்
"நீங்கள் எந்தப் பங்கு?" என்று கேட்டார்.

இரண்டாம் வருஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் வருஷம் பசி வந்தது,
கனடாச் சொந்தம் போல,
பெரிய பையோடு,
எத்தனை நாள் நிற்பதென்று சொல்லாமல்.

றெஜினா மச்சாளின் மகளுக்கு முதல்நன்மை.
"ஒண்டும் தொடேல்லை நீ. எங்களோடை கோவமோ?"
இந்த ஊரில் கோப்பையை மறித்தால்
உறவை மறித்த மாதிரி.
பாயாசம் அரைக் கப்.
பத்து நிமிஷத்தில் நெஞ்சு குதிரையாய் ஓட,
வேர்த்து, நடுங்கி,
பரிசுப் பெட்டிகள் குவித்த கட்டிலில்
மினுங்கல் கடதாசிகளுக்கு நடுவே
நானும் ஒரு பெட்டியாய்ப் படுத்துக் கிடந்தேன்.
வெளியே சிரிப்பு. வீடியோக்காரன். கட்லட் மணம்.

அம்மா வந்து கால்மாட்டில் இருந்தா.
ஒன்றும் கேட்கவில்லை.
தொண்ணூற்றைந்தில், சாவகச்சேரிப் பள்ளிக்கூட மண்டபத்தில்,
யாரோ தந்த பருப்புச் சோற்றை
எனக்குத் தள்ளிவிட்டவ:
"கிடைக்கேக்கை சாப்பிடு, நாளைக்கு என்னவோ."
எனக்குப் பதினாறு.
சொன்னபடி இருபத்தெட்டு வருஷம் சாப்பிட்டேன்.
கத்தி அந்த மண்டபம் வரைக்கும் போகவில்லை.

மருந்துக்கடைத் தராசில் இருபது ரூபாய்க்கு
எழுபத்திரண்டு தசம் நாலு.
போன மாதம் எழுபது.
எனக்குத் தெரியும், மிக்சர்.
மேசை லாச்சிக்குள் இருக்கும் மிக்சர்.
மீன் வந்தால் தையல் மறிக்கும்;
மிக்சர் வழுக்கிக்கொண்டு போய்விடும்,
சோதனைச் சாவடியில் தெரிந்த பெடியன் போல.
லாச்சித் திறப்பைச் சிற்றம்பலத்தாரிடம் கொடுத்தேன்.
மிக்சரை அவரே முடித்துவிட்டார்.
ஒருநாள் முழுக்க
அந்த மனுசனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

பின்னேரம் பண்ணைப் பாலத்தில் நடை.
எதிர்க்காற்று, சேலைத் தலைப்பு,
தொய்ந்த கைத்தோல், மூன்றும் படபடக்கும்.
எமிலியன் ஒரு சரை கச்சான் வாங்குவார்.
பத்து எனக்கு, மிச்சம் தனக்கு.
சில நாள் பதினொன்று.
எண்ணுகிறவர் அவர்தான்.
நான் கடலைப் பார்ப்பேன்.

ஆசைக்கு ஒருக்கா அவரும் சோசரில் சாப்பிட்டார்.
"காணும், நல்லாய்க் காணும்" என்றார்.
அன்று இரவு பத்து மணிக்குக் குசினியில்
சட்டி மூடி மெல்லமாய்க் கிலுங்கியது.
நான் எழும்பவில்லை.
"நடுத்துண்டை விடுங்கோ, காலமைக்கு"
என்று மட்டும்
இருட்டுக்குள் சொன்னேன்.